காய்ச்சல் போய்விட்டது, பயம் ஏன் போகவில்லை? ஐ.சி.யு.விலிருந்து திரும்பியவர்களின் மனதில் நடப்பது என்ன?

ஏறக்குறைய நான்கு மாதக் கதை அது. 2003 பிப்ரவரி 21 அன்று, சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்த ஒரு மருத்துவர் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கினார். அவருக்குக் காய்ச்சல் இருந்தது. அவரிடமிருந்து அதே மாடியில் தங்கியிருந்தவர்களுக்கும், அவர்கள் மூலம் மருத்துவமனைகளுக்கும், வெளிநாடுகளுக்கும் சார்ஸ் பரவியது. ஜூன் 23 அன்று, தொற்றுப் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து ஹாங்காங்கை உலக சுகாதார நிறுவனம் நீக்கியது. இடைப்பட்ட நாட்களில் அந்த நகரத்தில் 1,755 பேருக்குத் தொற்று, 299 பேர் மரணம்.

மீதி 1,456 பேர் 'குணமடைந்தவர்கள்' பட்டியலில் சேர்ந்தார்கள். செய்திகளின் கணக்கு அத்தோடு முடிந்தது.

ஹாங்காங்கின் மனநல மருத்துவர்கள் கணக்கை அங்கே முடிக்கவில்லை. சார்ஸிலிருந்து மீண்ட 90 பேரை இரண்டரை ஆண்டுகள் கழித்துக் கூப்பிட்டு, உட்கார வைத்து, முறைப்படி பேசிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: நோய்க்குப் பின் ஏதோ ஒரு கட்டத்தில் 47.8 சதவீதம் பேருக்கு 'பி.டி.எஸ்.டி.' என்கிற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்திருக்கிறது. 30 மாதங்கள் ஆன பிறகும் 25.6 சதவீதம் பேருக்கு அது தொடர்ந்துகொண்டிருந்தது. அதாவது, நுரையீரல் எக்ஸ்ரேவில் எதுவும் தெரியாத காலத்திலும் நான்கில் ஒருவர் இன்னமும் அந்த வார்டிலேயே இருந்தார்.

கொரோனா வந்தபோது இந்த ஆய்வு 11 வருடப் பழசு. எச்சரிக்கை கையில் இருந்தது. ஆனால் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த நேரத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்க எந்த நாட்டுக்கும் அவகாசம் இருக்கவில்லை.

'அது ராணுவக்காரர்களுக்கு வர்றது இல்லையா?'

பி.டி.எஸ்.டி. என்றதும் பலருக்கும் ஹாலிவுட் படங்களில் வரும் முன்னாள் ராணுவ வீரர்தான் ஞாபகத்துக்கு வருவார். காரணம் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நிலை கிளப்பிய விவாதத்துக்குப் பிறகுதான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயரே ஏறியது. போர், சித்திரவதை, பாலியல் வன்முறை, பெரும் விபத்து, இயற்கைப் பேரிடர் ஆகியவைதான் அப்போது மனதில் இருந்த காரணங்கள். உயிருக்கு ஆபத்தான நோயும் ஒரு பேரதிர்ச்சியாக இருக்கலாம் என்பது 1994ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. 2013இல் வந்த பதிப்பு அதைக் கொஞ்சம் இறுக்கியது: கடுமையான நோய் வந்துவிட்டது என்பது மட்டும் போதாது, திடீரென்று நேர்ந்த, உயிரைப் பறிக்கப் பார்த்த மருத்துவ நிகழ்வாக அது இருக்க வேண்டும் என்றது.

இந்த வரையறைச் சண்டை நிபுணர்களுக்கானது. மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, 'இதோடு முடிஞ்சுது' என்று ஒரு ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தவருக்கு, அது திடீர் நிகழ்வா நெடு நிகழ்வா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் நோயால் வரும் அதிர்ச்சிக்கும் போரால் வரும் அதிர்ச்சிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. போர்க்களத்தைவிட்டு வீரர் ஊருக்கு வந்துவிடலாம். விபத்து நடந்த சாலையைச் சுற்றிக்கொண்டு போகலாம். நோயாளியால் அது முடியாது. அவருடைய போர்க்களம் அவருடைய நெஞ்சுக்கூடுதான். மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கினாலும், சாதாரணச் சளி பிடித்தாலும், 'மறுபடியுமா?' என்று உடம்பு அலறும். ஆபத்து பழையதாக இல்லாமல், நாளை வரப்போவதாகவே தோன்றிக்கொண்டிருக்கும்.

ஹாங்காங் நோயாளிகளிடமும் இதைப் பார்க்க முடிந்தது. சார்ஸுக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. அதன் விளைவாகச் சிலருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் பிரச்சினை வந்தது. அப்படி ஆனவர்களுக்கும், பெண்களுக்கும், சார்ஸுக்கு முன்பே நீண்டகால நோய் இருந்தவர்களுக்கும் பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் வலித்தால், அந்த மார்ச் மாதத்தை எப்படி மறப்பது?

ஐ.சி.யு.வில் நடந்ததும், நடக்காததும்

இந்த விஷயத்தில் பலரும் எதிர்பார்க்காத பகுதி இதுதான். ஐ.சி.யு.விலிருந்து வந்தவர்களைத் துரத்துவது பெரும்பாலும் அங்கே உண்மையில் நடந்தவை அல்ல, நடக்காதவை.

தீவிரத் தொற்றில் மூளையும் பாதிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைவு, உடல் முழுக்கப் பரவிய அழற்சி, மயக்க மருந்துகள், ராத்திரி பகல் தெரியாத வெளிச்சம், தொடர்ந்து ஒலிக்கும் அலாரம் எல்லாம் சேர்ந்து 'டெலிரியம்' என்ற குழப்பநிலையை உண்டாக்குகின்றன. நம் ஊரில் 'ஜன்னி கண்டு பிதற்றுறார்' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். எல்லோரும் கத்திக் கலாட்டா செய்வதில்லை. பலர் அசையாமல் சும்மா படுத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 'அமைதியா தூங்குறார்' என்று தோன்றும். உள்ளே ஒரு பயங்கரப் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் படத்தின் கதை எங்கிருந்தோ வருவதில்லை. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டியிருப்பார்கள்; மூளை அதை 'கடத்திக்கொண்டு வந்து கட்டிப்போட்டிருக்கிறார்கள்' என்று எழுதிக்கொள்ளும். ஸ்கேன் இயந்திரத்துக்குள் தள்ளும்போது அடுப்புக்குள் தள்ளுவதாகத் தோன்றும். சிறுநீர்க் குழாய் போடுவதைப் பாலியல் தாக்குதலாக உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஊசி போட வரும் நர்ஸ் விஷம் ஏற்ற வருகிறார். கட்டில் ஒரு கப்பலில் இருக்கிறது, அல்லது ரயிலில். ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைத் துணுக்கு அடியில் இருக்கும். மீதியை மூளை இட்டு நிரப்பியிருக்கும்.

இங்கிலாந்தில் கிறிஸ்டினா ஜோன்ஸும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கண்டது. ஐ.சி.யு. பற்றிய உண்மையான நினைவுகள், அவை கசப்பானவையாக இருந்தாலும், ஓரளவு பாதுகாப்பாக இருக்கலாம். உண்மை நினைவு எதுவும் இல்லாமல் இந்தப் பிரமை நினைவுகள் மட்டும் மிஞ்சியவர்களுக்கே பின்னாளில் மனப் பாதிப்பு அதிகம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நடந்த விஷயத்தை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம். நடக்காத ஒன்றை யாரிடம் போய்க் கேட்பது? 'நர்ஸம்மா என்னைக் கொல்லப் பார்த்தாங்க' என்று சொன்னால், உயிரைக் காப்பாற்றியவரைப் போய்ப் பழி சொல்வதாக ஆகிவிடும், அல்லது பைத்தியம் என்று நினைப்பார்கள். அதனால் சொல்வதே இல்லை.

கொரோனா காலத்தில் இது பெருகியது. 14 நாடுகளின் 69 ஐ.சி.யு.க்களில் இருந்த 2,088 கொரோனா நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், 54.9 சதவீதம் பேருக்கு டெலிரியம் ஏற்பட்டிருந்தது. பென்சோடயசெபைன் வகை மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த ஆபத்து கூடுதல். குடும்பத்தினர் நேரிலோ வீடியோ காலிலோ வந்து பேசியவர்களிடம் 27 சதவீதம் குறைவு. வீடியோ காலில் வரும் 'அப்பா, நான்தான் பேசுறேன், கேக்குதா?' என்ற குரலுக்கு, கிட்டத்தட்ட ஒரு மருந்தின் வேலை இருந்தது என்று பொருள்.

அந்தக் குரல்தான் தொற்றுநோய் வார்டில் முதலில் தடை செய்யப்படுகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்

சாதாரண ஐ.சி.யு.வுக்கும் தொற்றுநோய் ஐ.சி.யு.வுக்கும் உள்ள வித்தியாசம், மற்றவருடைய முகம். சார்ஸ், எபோலா, கொரோனா மூன்றிலும் நோயாளி பார்த்தது முகமூடி, கண்ணாடி, தலையிலிருந்து கால்வரை மூடிய கவச உடை. வந்தவர் ஆணா பெண்ணா, நேற்று வந்தவரா புதியவரா என்றே தெரியாது. ஏற்கெனவே குழம்பிய மூளைக்கு, முகமில்லாத உருவங்கள் சுற்றி நிற்பது எப்படி இருக்கும்?

லைபீரியாவில் 2015இல், எபோலா சிகிச்சை மையங்களில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார் அமெரிக்கக் கலைஞர் மேரி பெத் ஹெஃபர்னன். சிரித்த முகத்தோடு இருக்கும் ஊழியரின் புகைப்படத்தைப் பெரிதாக ஒட்டுத்தாளில் அச்சடித்து, கவச உடையின் நெஞ்சில் ஒட்டச் சொன்னார். அவ்வளவுதான். கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் சில மருத்துவமனைகளும் அதை எடுத்துக்கொண்டன. பல லட்சம் ரூபாய் இயந்திரங்களுக்கு நடுவே இப்படிச் சில ரூபாய் விஷயங்களுக்குக் கிடைக்கும் கவனம் எப்போதும் குறைவுதான்.

வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் இந்தக் கதையில் இல்லை. முழு நினைவோடு, முகத்தில் இறுக்கமான மாஸ்க்குடன், குப்புறப் படுத்தபடி பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைவிட அதிகம். 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதையும், வண்டிக்குள்ளேயே நோயாளிகள் ஆக்சிஜனோடு காத்திருந்ததையும் டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் எப்படி மறப்பார்கள்?

சரி, எத்தனை பேருக்கு வருகிறது?

இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் தலை சுற்றும் அளவுக்கு வெவ்வேறு எண்கள் கிடைக்கும்.

2020இல் வூஹானில் தனிமைப்படுத்தும் மையங்களில் இருந்த 714 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வில், 96.2 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க அறிகுறிகள் இருந்ததாக வந்தது. இன்னமும் வீட்டுக்கே போகாதவர்களிடம், அந்த வாரத்திலேயே 'பயமா இருக்கா, தூக்கம் வருதா?' என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? அது அறிகுறி, நோய் என்று முத்திரை குத்த அது போதாது. ரோமில் உள்ள ஜெமெல்லி மருத்துவமனையில், கொரோனா குணமான 381 பேரை மருத்துவர்களே நேரில் மதிப்பிட்டபோது 30.2 சதவீதம் என்று வந்தது. கொரோனா இல்லாத பொதுவான ஐ.சி.யு. நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முதல் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அறிகுறிகள் தெரிகின்றன.

எண்ணைவிட, யாருக்கு வருகிறது என்பது உபயோகமான தகவல். ரோம் ஆய்வில் பெண்கள், ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்கள், நோயின்போது குழப்பநிலைக்குப் போனவர்கள், குணமான பின்னும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உடல் தொந்தரவு நீடித்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். வென்டிலேட்டர் வரை போகாதவருக்கும் வரலாம் என்பது இதிலிருந்து புரியும். 'உனக்குத்தான் லேசா வந்துச்சே, நீ ஏன் பயப்படுற?' என்ற கேள்வி அடிபட்டுப்போகிறது.

தமிழ்நாட்டில் அதிகாரபூர்வக் கணக்கின்படி 35 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கொரோனா வந்தது. 38,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதில் மருத்துவமனைப் படுக்கைவரை போய்த் திரும்பியவர்களில் சிறு பங்கு என்றாலும், பல்லாயிரம் பேரைப் பற்றிய பேச்சு இது.

வீட்டில் இது எப்படித் தெரியும்?

பாடப்புத்தகம் நான்கு வகை அறிகுறிகளைச் சொல்லும்: திரும்பத் திரும்ப மனதுக்குள் வந்து மோதும் நினைவுகள், தவிர்த்தல், மனநிலை மாற்றம், எந்நேரமும் உஷார் நிலை. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ பாதித்தால் அது பி.டி.எஸ்.டி. ஆனால் வீட்டில் யாரும் இந்தப் பெயர்களோடு வந்து நிற்க மாட்டார்கள்.

மைக்ரோவேவ் 'பீப்' என்றதும் முகம் வெளிறும். சானிடைசர் வாசனை வந்தால் குமட்டும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நிற்கும். ராத்திரி மல்லாந்து படுக்க மாட்டார், அல்லது படுக்கவே போக மாட்டார். 'தூங்கினா எழுந்திருக்க மாட்டேனோ' என்ற பயத்தை மறைக்க ஒரு மணிவரை மொபைலில் ரீல்ஸ் ஓடும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பார். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர், இப்போது பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது கவனம் எங்கோ போய்விடும். மேனேஜர் அதைச் சோம்பல் என்று குறித்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தவிர்த்தல்தான், ஏனென்றால் அது பார்ப்பதற்கு ஆபத்தாகவே தெரியாது. மருத்துவமனை வாசலை மிதிக்கவே கை கால் நடுங்குவதால், மறுபரிசோதனைக்குப் போக மாட்டார். 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்பார். சுகர் இருப்பவர், ஸ்டீராய்டு எடுத்து சுகர் எகிறியவர், நுரையீரலில் தழும்பு விழுந்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மனதின் பிரச்சினை உடம்பின் உயிரையே திரும்பக் கேட்கும் இடம் இது.

சிலருக்கு இது உடனே வராது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் உறவினர்கள் வருகை, சூப், பழம், வாழ்த்து என்று போகும். எல்லோரும் கிளம்பிப்போன பின், வேலைக்குத் திரும்பிய பின், ஆறு மாதம் கழித்துக்கூட முழு வடிவில் வரலாம். அதற்குள் 'அந்த நோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல' என்று குடும்பம் முடிவு செய்திருக்கும்.

'பொழச்சு வந்ததே பெருசு'

இந்த ஒரு வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கும்! சொல்பவரின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் கேட்பவருக்கு அது வேறு மாதிரி ஒலிக்கிறது: 'பக்கத்து பெட்ல இருந்தவர் போயிட்டார், நீ உயிரோட இருக்க, இன்னும் என்ன குறை?' உயிர் பிழைத்ததற்கான குற்ற உணர்வு ஏற்கெனவே இருக்கும். அவரால்தான் வீட்டில் மற்றவருக்குத் தொற்றியது என்றால், அதிலும் ஒருவர் இறந்துபோனார் என்றால், அந்தக் குற்ற உணர்வின் எடை வேறு. சாலை விபத்தில் இல்லாத கூடுதல் சுமை இது. தொற்றுநோயில் பாதிக்கப்பட்டவரே பரப்பியவராகவும் பார்க்கப்படுகிறார்.

அப்படிப் பார்க்க ஊரும் உதவி செய்தது. 2020இல் சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்ததும், 'உள்ளே வராதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியதும் ஞாபகம் இருக்கும். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் வந்தது. ஒரு பிளாக்கில் இருந்தவர்களை மொத்தமாக முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எபோலாவிலிருந்து மீண்டவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் 'இவரிடம் தொற்று இல்லை' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் துணிமணி, மெத்தை எல்லாம் எரிக்கப்பட்டிருக்கும். கையில் சான்றிதழ் மட்டும் இருக்கும்.

பாதிப்பு நோயாளியோடு நிற்பதும் இல்லை. பிரான்ஸில் 23 ஐ.சி.யு.க்களில் எடுத்த ஆய்வில், கொரோனாவால் நுரையீரல் செயலிழந்தவர்களின் குடும்பத்தினரில் 35 சதவீதம் பேருக்கு மூன்று மாதம் கழித்து பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் இருந்தன. வேறு காரணத்தால் அதே நிலைக்குப் போனவர்களின் குடும்பங்களில் அது 19 சதவீதம். ஒரே நோய்நிலை, ஒரே மாதிரி சிகிச்சை. ஆனால் கொரோனா குடும்பங்களுக்குப் பார்க்க அனுமதி குறைவு. மருத்துவமனை நம்பரிலிருந்து வரும் போனுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் தெரியாத நம்பரிலிருந்து ராத்திரி போன் வந்தால் எடுக்கத் தயங்கும் மனைவி, மகன், மகள் பலர் இருப்பார்கள். அவர்களும் சிகிச்சைக்கு உரியவர்களே.

சிகிச்சை உண்டு, தூக்க மாத்திரை அல்ல

நல்ல செய்தி: முதல் சில வாரங்களில் வரும் கெட்ட கனவும் படபடப்பும் பெரும்பாலானோருக்குத் தானாகவே குறையும். அந்தக் கட்டத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, 'நடந்ததையெல்லாம் கொட்டிடுங்க' என்று ஒரே மூச்சில் பேச வைப்பது உதவாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. பேச விரும்பும்போது கேட்பது வேறு. பேசு பேசு என்று நெருக்குவது வேறு.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால், காத்திருப்பதில் பலனில்லை. முதல் தேர்வு, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சை. பயிற்சி பெற்ற உளவியலாளரோடு பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். அங்கே நடப்பது 'தைரியமா இருங்க' என்ற ஆறுதல் பேச்சு அல்ல. தவிர்த்துவந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைப்பார்கள். 'என்னாலதான் அம்மாவுக்கு வந்தது' என்பது போன்ற எண்ணங்களை எடுத்து வைத்து ஆராய்வார்கள். மருத்துவமனை வாசல்வரை, பிறகு வரவேற்பறைவரை, பிறகு வார்டுவரை என்று படிப்படியாகப் போகச் செய்வார்கள். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் 'இ.எம்.டி.ஆர்.' என்ற முறையையும் 2013 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் கண் அசைவுக்குத் தனியாக என்ன வேலை என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு; பலன் கிடைக்கிறது என்பதில் அவ்வளவு வாதம் இல்லை.

மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவற்றை மனநல மருத்துவர் எழுதுவார். தவறு நடப்பது இதற்கு முந்தைய படியில்: தூக்கம் வரவில்லை என்று பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலோ, பழைய சீட்டைக் காட்டியோ அல்ப்ராசோலம் வகை மாத்திரை வாங்கிப் போடுவது. அன்றைய ராத்திரி ஓடிவிடும். ஆனால் இந்த வகை மருந்துகள் பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்துவதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்து வேறு. அதனால்தான் வழிகாட்டுதல்கள் இதற்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ராத்திரி இரண்டு பெக் என்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

எங்கே தொடங்குவது? மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அழைக்க வேண்டும்.

ஆபீஸ் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் பல பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், பி.டி.எஸ்.டி. சிகிச்சையோ பெரும்பாலும் வாரம் ஒருமுறை போய்வருவது. சட்டம் கொடுத்ததைப் பாலிசியின் பொடி எழுத்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. எச்.ஆர்.இடம் 'ஓ.பி. கவர் இருக்கா' என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வந்த பிறகு பார்ப்பது ஒருபுறம். வராமல் தடுக்க ஏதாவது உண்டா?

ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸுகள் தொடங்கிய ஒரு பழக்கம் இருக்கிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கும் நாட்களில், அவருக்காக ஒரு டைரி எழுதுவது. மருத்துவக் குறிப்பு அல்ல, சாதாரண மொழியில். 'இன்று செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் குறைந்திருக்கிறது. குழாயைப் பிடுங்கப் பார்த்தீர்கள், அதனால் கையைக் கட்டியிருக்கிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் வந்து தலை சீவிவிட்டார்.' வீட்டுக்குப் போனபின் நோயாளி அதைப் படிப்பார். கடத்திக்கொண்டு போய்க் கட்டிப்போட்ட ராத்திரிக்கு ஒரு தேதியும் காரணமும் கிடைக்கும். தொலைந்துபோன நாட்களுக்கு உண்மையான நினைவு ஒன்றைக் கொடுப்பதுதான் நோக்கம்.

ஐரோப்பாவின் 6 நாடுகளில் 352 நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், டைரி கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும் புதிதாக பி.டி.எஸ்.டி. வந்தது. எல்லோரும் உற்சாகமானார்கள். பிறகு பிரான்ஸில் 35 ஐ.சி.யு.க்களில் 657 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: 29.9 சதவீதம், 34.3 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. ஆக, டைரி ஒரு மந்திரம் அல்ல. ஆனால் பக்கவிளைவு இல்லாத, நோட்டுப் புத்தகம் ஒன்றின் விலையில் முடிகிற முயற்சி என்பதால் பல மருத்துவமனைகள் அதைக் கைவிடவில்லை.

கொரோனா அலை ஓய்ந்தாலும் டெங்கு, பன்றிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், ரத்தத்தில் பரவும் தொற்று என்று ஐ.சி.யு. கட்டில்கள் காலியாக இல்லை. மருத்துவமனை டைரி எழுதாவிட்டாலும், வாசலில் காத்திருக்கும் குடும்பம் எழுதலாம். தினமும் நான்கு வரி போதும்: என்ன கிழமை, டாக்டர் என்ன சொன்னார், யார் வந்து பார்த்தார்கள், வெளியே மழையா வெயிலா. பார்க்க விடும் அந்தப் பத்து நிமிடத்தில், அவர் கண் மூடியிருந்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த ஊர், எந்த மருத்துவமனை, ஏன் இங்கே இருக்கிறார் என்று சொல்லலாம். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியையும், காது மெஷின் வைப்பவர் என்றால் மெஷினையும் கொடுத்துவிட்டு வரலாம். எங்கே இருக்கிறோம் என்பது தெளிய அவை உதவும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆக்சிஜன் அளவும் கிரியாட்டினினும் இருக்கும், கனவுகள் இருக்காது. முதல் மறுபரிசோதனைக்குப் போகும்போது, 'தூங்குறாரா, கெட்ட கனவு வருதா, ஆஸ்பத்திரின்னாலே ஒதுங்குறாரா' என்ற மூன்றையும் கூடப் போகிறவர் டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவராகவே சொல்ல மாட்டார்.